பத்து நிமிட எச்சில்

அறிக்கையில் உமிழ்நீர் என்று எழுதுவேன்.
வாய்க்கு அது எச்சில்தான்.
எச்சில் படாமல் அண்ணாந்து குடி என்று
தலையில் குட்டி வளர்க்கப்பட்டவள்
இப்போது சம்பளத்துக்கு
எலியின் எச்சிலை நிறுக்கிறேன்.

சுண்டெலி என்று திருத்துவார் டாக்டர் ஹெப்சிபா.
வெள்ளைச் சுண்டெலி. பெண். பதினாறு வாரம்.
இந்த வம்சத்தில் ஆணுக்குக் கண் முந்திக் காயும்,
பெண்ணுக்கு வாய்.

பாகாயத்துக்கு அப்பால்
மலை வெயிலை வாங்கித் திருப்பி எறியும் பக்கத்தில்
எங்கள் விலங்குக்கூடம்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி, உள்ளே இருபத்திரண்டு.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் முதலில்
எலிகளுக்குத்தான் ஓடும்.

மயக்கி, பைலோகார்பின் ஊசி போட்டு,
தாடையைச் சாய்த்துப் பிடித்தால் கசியும்.
பஞ்சில் ஏந்த வேண்டும், பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து.
நல்ல எலி நூற்றைம்பது மில்லிகிராம் தரும்.
பதினான்காம் எண் அன்று தந்தது முப்பத்தெட்டு.
தராசில் பஞ்சை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன்.
மூச்சிலும் ஈரம் உண்டு.

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று
கஞ்சனைச் சொல்வோமே,
பதினான்கு கஞ்சமில்லை.
கொடுக்க இல்லை, அவ்வளவுதான்.
தண்ணீர்க் குழாயை மட்டும் ஓயாமல் உறிஞ்சும்.
வாய் வறண்டதாலா,
இந்த வம்சத்துக்கே வருகிற சர்க்கரையாலா?
தாளில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான்.

மாலையில் அதை முடித்தோம்.
உள்ளங்கையில் கொஞ்ச நேரம் சூடு இருந்தது.

வியாழக்கிழமைகளில் புறநோயாளிப் பிரிவு.
மேல்விஷாரம் பல்கீஸ், வயது நாற்பத்தேழு,
மடியில் பாதி காலியான தண்ணீர்ப் பாட்டில்.
கல்யாண வீட்டில் தம் போடும் முன்
உப்புப் பார்க்க இவரைத்தான் கூப்பிடுவார்களாம்.
இப்போது பன்னைக்கூட நனைத்துத்தான் விழுங்குகிறார்.
தம்பி மையத்தின்போது கண் கலங்கவில்லையென்று
சொந்தம் ஒரு வருஷம் பேசியதாம்.
"அழுதேன்மா. தண்ணிதான் வரல."
பிறகு அவரே சிரித்தார்:
"நோன்பு மாசத்துலதான் எல்லாரும் என்னை மாதிரி ஆவாங்க."

அவர் கீழுதட்டின் உள்ளே கீறி
நொய்யரிசி போல நாலு சுரப்பி எடுத்தார்கள்.
ஃபார்மலின் குப்பியை நான்தான் கொண்டுவந்தேன்,
பஸ்ஸில், மடியில் வைத்து.

மைக்ராஸ்கோப்பில் முதலில் பதினான்கு, அடுத்தது பல்கீஸ்.
இளஞ்சிவப்பாய்ச் சுரப்பி.
குழாய்களைச் சுற்றி நீலப் புள்ளிகளாய் அணுக்கள்,
ரேஷன் கடை திறக்கும் முன் நெருக்கும் கூட்டம்.
ஐம்பது சேர்ந்தால் ஒன்று என்று எண்ண வேண்டும்.
வேலியே பயிரை மேய்கிறது என்பார் டாக்டர், நோயாளிகளிடம்.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
மேய்வதற்குப் பசி வேண்டும்.
இவை காவலுக்கு வந்தவை,
வீட்டுக்காரியையே நீ யார் என்று கேட்டு
வாசலை விட்டு நகராதவை.

சுரப்பியைக் காட்டினால்
எது எலி, எது மனுஷி என்று சொல்லிவிடுவேன்.
கூட்டத்தை மட்டும் காட்டினால்
லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

போன மாதம் புது மருந்தின் உறையைப் பிரித்தோம்.
எச்சில் கூடியிருந்த கூண்டு
வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றிய கூண்டு.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இன்னும் இருபத்துநாலு எலிக்கு விண்ணப்பம் போடு என்றார்.

தையல் பிரிக்க வந்த பல்கீஸ் கேட்டார்:
"அந்த எலிக்குக் குணமாயிடுச்சா?"
பார்த்துக்கிட்டிருக்கோம் என்றேன்.
பொய்யில்லை. காலையில்கூடப் பார்த்தேன்,
கண்ணாடித் தகட்டில்.

காட்பாடி பஸ்ஸுக்கு நிற்கையில்
ஒரு பையன் மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் தடவினான்.
ஊசி இல்லாமல், யாரும் நிறுக்காமல்
வாயில் ஊறியது.
விழுங்கினேன்.

பாலாற்றுப் பாலம் வந்தது.
உவமைக்கு ஆசைப்பட்டு
மணல் அகலமாகக் கிடந்தது.
கொடுக்கவில்லை.